ஒன்றுக்கு ஐந்நூறு அளவில் ஒரு கோட்டை

மூன்று வாரம் உழைத்து வரைந்த கோட்டை பன்னிரண்டு நிமிடத்தில் விழுந்தது. பிழை என்னுடையது. மாலை வகுப்பில் கட்டட வரைபடம் படிக்கிறேன். அந்தப் பழக்கத்தில் கோட்டையையும் ஒன்றுக்கு ஐந்நூறு அளவில் துல்லியமாக வரைந்து, மாசாய் ஊரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அப்படியே விரித்துவிட்டேன்.

ஞாயிறு மதியம் நாங்கள் நால்வரும் பகடை உருட்டிக் கதை ஆடுவது மூன்று வருட வழக்கம். உலகமும் பகைவர்களும் என் பொறுப்பு. மந்திரவாதி பாத்திரம் சுபத்திராவுக்கு, வாள்வீரன் தீபனுக்கு, பூசாரி யூஜின் அண்ணனுக்கு. முதல் லெவலில் எலிக்குப் பயந்து ஓடியவர்கள் இப்போது பதினெட்டாம் லெவலில் நிற்கிறார்கள். இவர்களை எதைக் கொண்டு தடுப்பது?

சுபத்திரா என் படத்தின்மேல் அடிக்கோலை வைத்தாள். "ஜெரி, நாங்க நிக்கிற கிணத்தடியிலேர்ந்து ராஜா கட்டிலுக்கு இருபத்தொம்பது சென்டி. நூத்தி நாப்பத்தஞ்சு மீட்டர். என் மந்திரம் ஒரே தாவுல நூத்தம்பது மீட்டர் தாண்டும்லா."

"என்னையும் தூக்கிட்டுப் போ," என்றான் தீபன்.

ஒரே உருட்டு. கொடுங்கோல் ராஜா கட்டிலில் கண் விழிக்காமலே செத்தான். என் பதினான்கு அறைகளையும் பொறிகளையும் யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"அலமாக், அவ்வளவுதானா?" யூஜின் அண்ணன், என் பெரியப்பா மகன், மலாயில் அலுத்துக்கொண்டு கொட்டாவி விட்டார். "இந்த லெவலுக்கு மேல எவனாலயும் நடத்த முடியாதுன்னு அப்பவே சொன்னேன். இன்னையோட இதை மூடிடு. அடுத்த வாரம் முதல் லெவல்லேர்ந்து நான் நடத்துறேன்."

தீபன் பகடையைப் பையில் போட்டான்.

அண்ணன் சொல்வது சரியாகவும் இருக்கலாம். செத்தது போலி ராஜா என்று ஒரு வார்த்தை சொன்னால் என் கோட்டை பிழைக்கும். ஆனால் அவர்கள் மூன்று வருடம் ஆடிச் சேர்த்த பலத்தை நானே பிடுங்கினால், அப்புறம் எதற்கு ஆட்டம்?

"ராஜா செத்தாச்சு. நிஜமாவே," என்றேன். "காவல்காரன் உள்ள வர்றான். கட்டிலைப் பார்த்துட்டு உங்க முன்னால மண்டி போடுறான். 'கோட்டையில மூவாயிரம் பேர் இருக்கோம். இனிமே எங்களுக்கு யாருங்க ராஜா?'ன்னு கேக்குறான்."

"ராஜாவோட மகள்," என்றாள் சுபத்திரா.

"எட்டு வயசுப் பிள்ளையா? சிம்மாசனத்துல நானே உக்காந்துக்கிறேன்," என்றான் தீபன்.

"நீயா? போன மாசம் சொந்தக் குதிரையையே தொலைச்சவன்!"

அரை மணி நேரம் சண்டை. பகடையை யாரும் தேடவில்லை.

"இதுக்கெல்லாம் ஆட்டப் புத்தகத்துல விதியே இல்ல, ஜெரி," என்றார் அண்ணன்.

"இல்லதான். அதுக்குத்தாண்ணே நான் உக்காந்திருக்கேன்." கோட்டைப் படத்தைச் சுருட்டினேன். "அடுத்த ஞாயிறு ரெண்டு மணி. இதே கதை, நான்தான் நடத்துறேன். நீங்க வரலன்னா உங்க பூசாரியையும் தீபனே ஆடட்டும். முடிசூட்ட ஒரு பூசாரி வேணும்."

"தீபனுக்கா? இவன் தலையில கிரீடம் வைக்க என் பூசாரி கை தூக்க மாட்டான்!"

"அதை வந்து சொல்லுங்க."

அண்ணன் நாற்காலியை மேசைக்கு இழுத்துப் போட்டார். "அடுத்த வாரம் எதுக்கு? இப்பவே சொல்றேன், எழுதிக்க."