காலா, வண்டியா?

வெளியே ஆட்டம் போட்டுவிட்டு ஒர்க்‌ஷாப்புக்குள் வந்ததும் நல்ல பிள்ளையாகிவிடும் வண்டிகளைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அக்கா புருஷனுடைய பழைய லாரி அந்த ரகம். பெடலில் கால் வைக்காமலே திடீர் திடீரென்று என்ஜின் வேகம் ஏறிக் கத்துகிறதாம். என் முன்னால் நிறுத்தி என்ஜினைப் போட்டால், தனக்கு ஒன்றும் தெரியாத மாதிரி டுக் டுக்கென்று நிதானமாக ஓடும். மூன்று முறை கொண்டுவந்தார். பம்ப்பைப் பார்த்தேன், ஸ்பிரிங்கை மாற்றினேன், பெடலைக் கழற்றி மாட்டினேன். ஒரு குறையும் இல்லை. மண்டை காய்ந்ததுதான் மிச்சம்.

வேறு யாராவது என்றால், "போய்யா, கத்தும்போது கூப்பிடு" என்று அனுப்பியிருப்பேன். ஆனால் போன வாரம் அக்கா வீட்டு வாசலில் கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். மாமா முதல் கியரில் மெதுவாக உள்ளே விட்டிருக்கிறார். சட்டென்று என்ஜின் உறுமி, வண்டி ஒரே தாவாகத் தாவி, கேட்டின் ஒரு பக்கத்தைப் பெயர்த்துவிட்டது. அக்கா மல்லாக்க விழுந்ததால் பிழைத்தாள். அதற்கு மேல் இதை விளையாட்டாக விட முடியவில்லை.

"வண்டிதான் இழுத்துச்சு" என்றார் மாமா.

"உங்க கால்தான் அழுத்துச்சு" என்றாள் அக்கா.

அவள் சொன்னதிலும் காரணம் இருந்தது. மாமாவுக்குச் சர்க்கரை. பாதம் மரத்துப்போக ஆரம்பித்திருந்தது. டாக்டர் குத்திப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கியிருந்தார். அக்காவுக்கு அவரை ஸ்டியரிங்கை விட்டு இறக்கினால் போதும். மாமாவோ டைல்ஸ் கடைகளுக்கு லோடு அடித்தே தலை நரைத்தவர். லீவு நாளில்கூட வீட்டுக்குள் இருப்புக் கொள்ளாமல், நிற்கிற வண்டியில் போய் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். அவரை இறக்கிவிட்டால் அந்த மனுஷன் என்ன ஆவார் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது. கோளாறு காலிலா, வண்டியிலா? தீர்ப்பு சொல்ல வேண்டியவன் நான்.

அக்கா போனில் பிடித்துக்கொண்டாள்.

"வண்டியில ஒண்ணுமில்லன்னு சொல்லிடுடா. நீ சொன்னா கேப்பாரு."

"கண்டுபிடிக்காம எப்படிக்கா சொல்றது?"

"மூணு தடவை பாத்துக் கிழிச்சியே, அதுக்கு மேல என்ன?"

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. போனை வைத்த கையோடு மாமாவைக் கூப்பிட்டேன்.

"மாமா, அது கத்தினப்பல்லாம் லோடு இருந்துச்சா?"

"லோடு இல்லாம நான் எதுக்குடா வண்டி எடுக்கறேன்? டீசலை யாரு சும்மா ஊத்துறா?"

"அப்ப என்கிட்ட மட்டும் ஏன் காலியா கொண்டு வர்றீங்க?"

"ஒர்க்‌ஷாப்புக்கு எப்படிடா லோடோட வர்றது? அசிங்கமா இருக்காது?" என்றார்.

தலையில் அடித்துக்கொண்டேன். போட்டோ எடுக்கப் போகிறவர் மாதிரி, லோடை இறக்கி, பின்பக்கம் பெருக்கி, கழுவித் துடைத்த பிறகுதான் இவ்வளவு காலமும் வண்டியை என்னிடம் காட்டியிருக்கிறார். நானும் அந்தப் பளபளப்பைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

"அப்படியே வாங்க. கழுவினீங்கன்னா கொலை விழும்!"

மறுநாள் காலை டைல்ஸ் பெட்டிகளோடு புழுதி மூடி வந்து நின்றது லாரி. முடிவை நேரில் கேட்க அக்காவும் பஸ் பிடித்து வந்துவிட்டாள். வாசல் மேட்டைப் பார்த்தபடி வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னால் கட்டை வைத்து, பானட்டைத் திறந்து பக்கவாட்டில் நின்றுகொண்டேன்.

"முதல் கியர் போடுங்க மாமா. லேசா ஆக்ஸிலேட்டர் குடுத்து, கிளட்சைப் பாதி விடுங்க."

பாரம் இழுத்ததும் என்ஜின் ஒரு பக்கமாக இரண்டு விரல் உயரம் எழும்பியது. அதைத் தாங்குகிற ரப்பர் அடியில் கிழிந்திருக்கிறது. காலி வண்டியில் முழுசாகத் தெரிந்தது, லோடு இழுத்ததும் வாயைப் பிளந்துவிட்டது. எழும்பிய என்ஜின் ஆக்ஸிலேட்டர் கேபிளையும் சேர்த்து இழுத்தது. கேபிளில் பிரிந்து நின்ற ஒற்றைக் கம்பி உறையின் வாயில் சிக்கிக்கொண்டது. என்ஜின் அலறியது.

"கிளட்சை மிதிங்க! ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுங்க!"

"எடுத்துட்டேன்!"

அப்படியும் அலறல் ஓயவில்லை. கேபிளை விரலால் ஒரு தட்டு தட்டினேன். கம்பி விடுபட்டு, டுக் டுக்கென்று பழையபடி ஓடியது. ரோட்டில் இந்த வேலையை ஏதாவது ஒரு பள்ளம் செய்திருக்கும். அதனால்தான் தானே வந்து தானே போயிருக்கிறது!

"அக்கா, ஓடி வா! கையும் களவுமா புடிச்சாச்சு! கால் இல்ல, வண்டிதான்!"

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அக்கா கேபிளைப் பார்த்தாள். மாமாவிடம் போய், "அநியாயமா உங்களச் சொல்லிட்டேங்க" என்றாள். அவர் அவளைப் பார்க்காமல் தன் காலையே பார்த்தார். பிகு பண்ணிக்கொள்கிறார், பண்ணட்டும் என்று நினைத்தேன்.

மத்தியானத்துக்குள் ரப்பரையும் கேபிளையும் மாற்றி, லோடோடு ஒரு சுற்று ஓட்டியும் பார்த்துவிட்டேன். மூச்சுக் காட்டவில்லை.

"ஏறுங்க மாமா. ராஜா மாதிரி ஓட்டிட்டுப் போங்க."

அவர் ஏறவில்லை.

"காலை எடுங்கன்னு கத்தினியே..."

"ஆமா, எடுத்துட்டேன்னு சொன்னீங்களே."

"குனிஞ்சு பாத்துட்டுதான்டா சொன்னேன்."

எனக்கு விளங்கவில்லை.

"கால் பெடல் மேல இருக்கா, தரையில இருக்கான்னு எனக்குத் தெரியல. கேட்டுல இடிச்சப்பவும் தெரியல. வண்டிதான்னு உங்கக்காகிட்ட சண்டை போட்டேனே, தெரிஞ்சு போடல. அப்படி இருக்கணுமேன்னு வேண்டிக்கிட்டுப் போட்டேன்."

"அதான் வண்டிதான்னு ஆயிடுச்சே! இப்ப எதுக்கு இந்தப் பேச்சு?" என்று கத்தினேன். பாடுபட்டுக் காப்பாற்றிக் கொடுத்ததை இவரே தூக்கி எறிகிறாரே என்று அவர் மேல் ஆத்திரமாக வந்தது.

"இந்தத் தடவை வண்டி. அடுத்த தடவை கால்னா, உங்கக்கா எந்தப் பக்கம் விழுவான்னு யாருக்குத் தெரியும்?"

அக்காவால் அதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. இதைத்தானே கேட்டுக் கரைச்சல் கொடுத்துக்கொண்டிருந்தாள்? "வேணாங்க, இன்னிக்கு ஒரு நாளாவது நீங்களே ஓட்டுங்க" என்று அழுதாள்.

"கடைக்காரர் காத்துக்கிட்டிருப்பாரு. நீ ஓட்டுடா" என்று என்னிடம் சொல்லிவிட்டு, மாமா கிளீனர் சீட்டுப் பக்கம் சுற்றிப் போனார். இத்தனை வருஷமும் ஸ்டியரிங்கைப் பிடித்தே ஏறிப் பழகியவர். கதவைத் திறந்து, ஒரு காலைப் படியில் வைத்து, கையை மேலே நீட்டினார். அங்கே பிடிக்க ஒன்றுமில்லை. கை வெறுமனே துழாவியது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தக் கையைப் பிடித்து சீட்டின் விளிம்பில் வைத்தாள்.