முள்முருங்கைக்கு ஆறு கட்டம்

1

இந்தக் கதையில் வரும் தப்பைச் செய்தது நான். சொல்ல வெட்கமாக இருந்ததால் ஹம்சவேணி என்று ஒருத்தியைப் படைத்து அவள் தலையில் கட்டிவிட்டேன். மதுரை சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண். பல வருடம் கேட்டுக் கேட்டு, ஒரு வார இதழில் குறுக்கெழுத்துப் புதிர் போடும் வேலை வாங்கினாள். முதல் புதிர் முழுக்கத் தீனி.

மதுரை வெயிலில் ஒரு... (வேண்டாம். வெயிலுக்கும் வடைக்கும் சம்பந்தமில்லை.)

2

வினையான குறிப்பு இது: "வாலறுந்த பங்கும் கரமும் பானுடன் சேர்ந்தால் வடைக்கான இலை (6)." பங்கு, கரம் இரண்டின் கடைசி எழுத்தையும் நறுக்கி, பான் சேர்த்தால் பங்கரபான்.

[முள்முருங்கை இலைக்கு சௌராஷ்டிரத்தில் அதுதான் பெயர். பிறந்ததிலிருந்து அடுப்படியில் கேட்ட சொல். அது தமிழில்லை என்று எனக்கு... சரி, அவளுக்குத் தோன்றவே இல்லை.]

வாசகர்கள் முள்முருங்கை என்று எழுதினார்கள். அதற்கும் ஆறு எழுத்து, கச்சிதமாக உட்கார்ந்தது. மூன்றாம் கட்டத்திலிருந்து கீழே இறங்கிய கருப்பட்டிதான் முருப்பட்டி ஆகிவிட்டது.

ஆசிரியர் போன் செய்தார். "முந்நூறு பேரு முருப்பட்டின்னு எழுதியிருக்காங்கம்மா! புதன் அஞ்சு மணிக்குள்ள ஒரே ஒரு சரியான விடையாச்சும் வரணும். இல்லன்னா அடுத்த வாரம் வேற ஆளு."

ஹம்சவேணி அழுதாள். (அவள் அழவில்லை. நான்தான்.)

3

அவளைக் காப்பாற்ற ஒரு ஆள் வேண்டும். கீழக்குயில்குடி தங்கப்பாண்டியைக் கொண்டுவருகிறேன். நெல் விவசாயி, குறுக்கெழுத்துப் பைத்தியம். இவனுக்கு எப்படி சௌராஷ்டிரம் தெரியும்? அந்தச் சந்தேகத்திலேயே இரண்டு நாள் எழுதாமல் கிடந்தேன். கடைசியில் அவன் போக்கில் விட்டேன்.

புதன் சாயங்காலம் நாலு மணிக்குப் பைக்கை எடுத்தவன் நேரே விளக்குத்தூண் பக்கம், முள்முருங்கை வடை போடும் பிருந்தா கடையில் வந்து நின்றான்.

"அக்கா, இந்த எலைக்கு வேற பேரு எதுவும் இருக்கா? முருப்பட்டின்னு ஒன்ன எங்கிட்டும் விக்கலையே!"

"எங்க வீட்ல பங்கரபான்னு சொல்லுவோம் தம்பி. ஏன்?"

விரல் விட்டு எண்ணினான். ஆறு. "அக்கா, இன்னொரு வடை குடுங்க!" என்று கடையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினான். அவனைவிட எனக்குத்தான் சந்தோஷம்.

4

முடிவு அ: விடை நேரத்துக்குப் போகிறது. (ரொம்பச் சுலபம்.)

முடிவு ஆ: வழியில் பைக் பஞ்சராகி... (சினிமா.)

உண்மையில் இரண்டாவது வடை கொதிக்கக் கொதிக்க வந்தது. ஆறவிட்டு, பொடி தூவித் தின்று, எண்ணெய்க் கையைத் துடைத்து, அவன் விடையை அனுப்பியபோது மணி ஐந்து பத்து. கூடவே ஒரு வரி: "லேட்டானதுக்கு வடைதான் காரணம் சார். அடுத்த வாரமும் இவங்களையே போடச் சொல்லுங்க. இம்புட்டு ருசியா ஒரு புதிரு நான் பாத்ததில்ல."

ஆசிரியருக்கு நான் வேண்டுமென்றேதான் பெயர் வைக்கவில்லை. அந்த நாற்காலி காலியாக இருக்கிறது. வந்து உட்காருங்கள். ஹம்சவேணி போன் செய்கிறாள், எடுத்துப் பேசுங்கள்.