அறுபத்தெட்டு சதவீத மாப்பிள்ளை

எங்கள் ஊரில் கோழி முட்டையை இன்குபேட்டரில் வைத்தால், ஈரப்பதத்துக்காகக் கடற்கரையில் பிறந்த ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைப்பார்கள். வெளியூர்களில் பெட்டிக்குள் கிண்ணத்தில் தண்ணீர் வைக்கிறார்களாம். காங்கயம் பக்கத்துக் காற்றிடம் அந்தக் கதையெல்லாம் நடக்காது. கிண்ணத்தை உள்ளே வைத்து மூடியைப் போடுவதற்குள் தண்ணீரைக் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொள்ளும். அதனால் இங்கே பெண்ணைப் பெற்றவர்கள் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு நேராகக் கடலோரம் போய்விடுவார்கள்.

என்னைப் பெண் பார்க்க வந்தபோதும் அப்படித்தான். பஜ்ஜித் தட்டுக்குப் பின்னால் அப்பா ஈரப்பத மீட்டரை மறைத்து வைத்திருந்தார். வந்தவர் உவரிக்காரர், பெயர் சுயம்புலிங்கம். அவர் கை நீட்டியதும் மீட்டர் அறுபத்தெட்டுக்கு ஏறியது. தட்டில் இருந்த பஜ்ஜியெல்லாம் நமத்துப் போயின. அப்பா உள்ளே வந்து அம்மாவிடம், "பேசி முடிச்சரலாம்" என்றார். எனக்கு மீட்டர் ஒரு பொருட்டில்லை. நமத்த பஜ்ஜியை முகம் சுளிக்காமல் நாலு தின்றாரே, அதுதான் பிடித்திருந்தது.

முதல் பதினெட்டு நாள் முட்டைக்கு அதிக ஈரம் ஆகாது. அப்போது மாப்பிள்ளை கூடத்தில் உட்கார்ந்து டிவி பார்த்தால் போதும். கடைசி மூன்று நாள்தான், மீட்டர் அறுபத்தெட்டில் நிற்கும்படி, அவரைப் பெட்டியை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார வைக்க வேண்டும். ஈரம் குறைந்தால் உள்ளே சவ்வு காய்ந்து குஞ்சின்மேல் ஒட்டிக்கொள்ளும். அது ஓட்டைக் கொத்திவிட்டு, வெளியே வர முடியாமல் அலகை மட்டும் நீட்டிக்கொண்டு கிடந்து சாகும். ஈரம் கூடினால் வெளியே வராமல் உள்ளேயே மூழ்கிப் போகும். இரண்டையும் பார்த்தவர்கள் மாப்பிள்ளையின் நாற்காலியைக் கண்டபடி நகர்த்த மாட்டார்கள்.

கல்யாணமாகி ஒன்பது வருஷம் அவர் எங்கள் ஊரை விட்டு நகரவில்லை. இந்த வெயிலில் ஒன்பது வருஷம் கிடந்தால் யாராக இருந்தாலும் வற்றித்தான் போவார்கள். போன வருஷம் பெட்டியில் வைத்த முட்டைகள் பொரியாமல் ஓர் அடை தவறியது. இந்தத் தையில் இன்னொன்று. நாற்காலியைப் பெட்டியோடு ஒட்டிப் போட்டும் மீட்டர் நாற்பதைத் தாண்டவில்லை. அவர் சட்டைக்குள் ஈரத் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். பார்க்காத மாதிரி காபியை வைத்துவிட்டு வந்துவிட்டேன். சமையலறையில் நின்று கொஞ்சம் அழுதேன். கண்ணீர் கன்னத்துக்கு வருவதற்குள் காய்ந்தது.

மூன்று அடை தவறினால் மாப்பிள்ளையைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். இதில் கோபதாபம் எதுவும் கிடையாது. புது வேட்டி சட்டை எடுத்துக் கொடுத்து, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு திருநெல்வேலி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார வைப்பார்கள். ஊரே வந்து கையாட்டும். நானே இரண்டு பேருக்கு ஆட்டியிருக்கிறேன். ஆனால் இவருக்குக் கையாட்ட எனக்கு இஷ்டமில்லை.

மூன்றாவது அடைக்குப் பதிமூன்று முட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அவர் பையோடு வந்து நின்றார்.

"ஊருக்குப் போயி கொஞ்ச நாளு கடல்ல கெடந்துட்டு வாரேம்ட்டி. பழையபடி ஏறிரும்."

"பதினெட்டாம் நாள் வந்துருவீங்களா?"

"முட்ட மேல சத்தியமா வந்துருவேம்" என்று ஒரு முட்டையைத் தொட்டுச் சொன்னார். அது கடைசி வரிசை முட்டை.

அவர் துவைக்காமல் விட்டுப்போன சட்டைகளை அறையில் கொடி கட்டித் தொங்கவிட்டேன். மீட்டர் நாற்பத்தைந்தில் நின்றது. பதினெட்டாம் நாள் வரைக்கும் அது போதும். வேளை தவறாமல் முட்டைகளைத் திருப்பினேன். டார்ச் அடித்துப் பார்த்தபோது உள்ளே நரம்பு ஓடியிருந்தது. எதிர் வீட்டுப் பாப்பாத்தி அக்கா வந்து கொடியை ஏற இறங்கப் பார்த்தார். அவர் வீட்டுக்காரர் நாகப்பட்டினம். அவர் கையில் எடுத்த செய்தித்தாளை அப்புறம் பிழிந்துதான் படிக்க வேண்டும்.

"ஏங் கண்ணு, சட்டையத் தொங்கவுட்டு எத்தன நாளைக்கு ஓட்டுவ? எங்கூட்டுக்காரரு சும்மாதான் உக்காந்திருக்கறாரு. கூட்டிட்டுப் போ."

"வேண்டாங்க்கா" என்றேன். அடுத்த வீட்டு ஈரத்தில் பொரிந்த குஞ்சு அந்த வீட்டுக்காரர் பின்னாலேயே போய்விடும். ஊரும் அதைத் தவறிய அடை என்றுதான் சொல்லும்.

பதினெட்டாம் நாள் மத்தியானம் அவர் பஸ் ஊர் எல்லைக்கு வரும்போதே தெரிந்துவிட்டது. கடைகளில் முறுக்கு நமத்தது. பாப்பாத்தி அக்கா மாடியில் காயப் போட்டிருந்த வடகம் மறுபடியும் மாவானது. பஸ் கண்ணாடி எல்லாம் ஆவி படிந்து வெளுத்துப்போய், டிரைவர் தலையை வெளியே நீட்டி ஓட்டிக்கொண்டு வந்தார். மனுஷன் இத்தனை நாளும் கரை ஏறவே இல்லையாம். என்மேல் உள்ள பிரியத்தில் செய்த வேலை. ஆனால் அவர் தெருமுனையில் கால் வைத்ததும் மீட்டர் எழுபதைத் தொட்டது. நான் வாசலுக்கு ஓடினேன்.

"ஏனுங்க, அங்கயே நில்லுங்க! இன்னொரு அடி வெக்காதீங்க!"

அவர் டீக்கடை முன்னால் நின்றார். மீசையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"என்னட்டி, வந்தவன வாசல்ல கூட ஏத்தமாட்டியா?"

"வந்தீங்கன்னா குஞ்செல்லாம் மூழ்கிப் போயிருமுங்க."

"அப்பஞ் சரி" என்று டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார்.

அங்கேயே தங்கினார். டீ மாஸ்டர் அந்த மூன்று நாளும் பாய்லருக்குத் தண்ணீர் ஊற்றவில்லை. நான் சோற்றைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு உடனே திரும்பிவிடுவேன். கொஞ்ச நேரம் நின்றாலும் அவர் ஈரம் என் சேலையில் ஏறி வீட்டுக்குள் வந்துவிடும். மற்றபடி போனில்தான் பேச்சு. ஒரு கண் மீட்டரில் இருக்கும்.

"எழுபத்தஞ்சு ஆயிருச்சுங்க. பெஞ்சுல அந்தக் கடைசிக்குத் தள்ளி உக்காருங்க."

"தள்ளியாச்சு. இப்பம்?"

"அறுபத்தெட்டு. அசையாதீங்க."

எங்கள் வெயிலும் சும்மா இருக்கவில்லை. அவரைக் கொஞ்சம் கொஞ்சமாக வற்ற வைத்தது. மீட்டர் இறங்க இறங்க நான் அவரைக் கிட்டே கூப்பிட்டேன். பெஞ்சிலிருந்து மின்கம்பத்துக்கு வந்தார். அங்கிருந்து பாப்பாத்தி அக்கா வீட்டுச் சுவருக்கு. அங்கிருந்து எங்கள் கேட்டுக்கு. அந்த வெயிலைப் பிறந்ததிலிருந்து திட்டிக்கொண்டிருந்தவள், அன்றைக்குத்தான் அதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

கேட்டில் நின்றபோது அவர், "ஒருவேள இதுவும் தவறிட்டுன்னா, பஸ்ஸுக்கு நீ வராண்டாம்ட்டி. ஊரு ஆட்டுத கை போதும்" என்றார்.

"உங்கள அனுப்பிட்டு எனக்கு இந்த வீட்டுல என்னங்க வேலை?" என்றேன். சத்தமாகவே சொன்னேன். டீக்கடை வரைக்கும் கேட்டிருக்கும்.

இருபத்தோராம் நாள் காலையில் அவர் நிலைப்படிக்கு வெளியே நின்றார். மீட்டர் அறுபத்தெட்டு. முதல் ஓடு விரிந்தது. மதியத்துக்குள் பன்னிரண்டு குஞ்சுகள் வந்துவிட்டன. ஒன்றின்மேல்கூடச் சவ்வு ஒட்டவில்லை. முடி உலர்ந்து பஞ்சு மாதிரி நின்றன. அவர் தொட்டுச் சத்தியம் செய்த முட்டை மட்டும் அப்படியே கிடந்தது. காதில் வைத்துப் பார்த்தேன். அலைச் சத்தம் கேட்டது.

"உள்ள வாங்க" என்றேன்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, முட்டையை உள்ளங்கையில் வாங்கி நகத்தால் தட்டினார். ஓடு முறைப்படி சுற்றி விரிசல் விட்டுத் திறந்தது. உள்ளிருந்து ஒரு கடல் வந்தது. சின்னதுதான், இரண்டு சொம்பு இருக்கும். எல்லாக் குஞ்சுகளையும்போல முதலில் தள்ளாடியது. அப்புறம் நிலைகொண்டு ஓர் அலை அடித்தது. கைக்குக் கிடைத்த சோற்றுப் பாத்திரத்தில் அதை ஏந்தினேன்.

பாப்பாத்தி அக்கா வந்து பெட்டியைப் பார்த்தார், பாத்திரத்தையும் பார்த்தார். "பன்னெண்டு குஞ்சு, ஒரு கடலு. கூமுட்ட ஒண்ணுகூட இல்ல" என்று சொல்லிவிட்டு, ஊருக்குச் சொல்லப் போனார். என் வீட்டுக்காரர் சவரம் செய்துகொள்ளக் கடைத்தெருவுக்குப் போனார். அவர் போன பிறகும் மீட்டர் இறங்கவில்லை; பாத்திரத்துக் கடலே ஈரத்தைப் பிடித்துக்கொண்டது. எனக்கு அப்போதுதான் நெஞ்சில் இருந்த கல் இறங்கியது.

தீனி என்னவென்று தெரியாததால் உவரிக்குப் போன் போட்டு அத்தையிடம் கேட்டேன்.

"தெனமும் ஒரு கை கல்லுப்பு போடு தாயி, அது போதும். பௌர்ணமிக்கு மட்டும் பெரிய பாத்திரமா மாத்தி வையி."

நாளைக்குப் பௌர்ணமி. எங்களிடம் இருப்பதிலேயே பெரியது கல்யாணத்துக்கு அப்பா கொடுத்த அண்டாதான். சவரம் முடித்து வந்தவரிடம் அதைப் பரணிலிருந்து இறக்கச் சொன்னேன்.