ஒற்றைப் படிக்கு என்ன நிறம்?

தையற்காரியின் கடை வாசலில் இருப்பது ஒரே ஒரு படி. அது ஒரு குடும்பத்தையே மாடி, கீழ் என்று இரண்டாக்கிவிட்டதை முதலில் மோப்பம் பிடித்தவர் எதிர்ச் சலவைக்கடைக்காரர். அப்புறம் தெருவுக்குத் தெரிய எவ்வளவு நேரமாகும்?

சக்கர நாற்காலியிலும் குழந்தை வண்டியோடும் போகிறவர்களுக்காக, ஊர்க்காரர்கள் சேர்ந்து இணையத்தில் ஒரு வரைபடம் நடத்தினார்கள். படியில்லாத கடைக்குப் பச்சைப் புள்ளி, படியுள்ள கடைக்குச் சிவப்பு. யார் வேண்டுமானாலும் புள்ளி வைக்கலாம், திருத்தலாம். தையற்காரி தன் கடைக்குப் பச்சை வைத்தாள். படியிருந்தால் என்ன, மரப்பலகை இருக்கிறதே. கூப்பிட்டால் எடுத்துப் போடுவாள்.

மறுநாள் புள்ளி சிவந்திருந்தது. சிவக்க வைத்தவள் மாடியில் குடியிருக்கும் நாத்தனார். பிசியோதெரபிஸ்ட், வரைபடத்தின் விதிகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு காப்பவள். சாய்தளம் நிரந்தரமாக இருந்தால்தான் பச்சை என்பது விதி. அண்ணி பச்சையாக்க, இவள் சிவப்பாக்க, தெருமுனை சிக்னல்கூட அத்தனை வேகமாக நிறம் மாறியதில்லை.

பள்ளிச் சீருடை தைக்கும் காலம் நெருங்கியிருந்தது. கைக்குழந்தைக்காரிகள் வரைபடத்தைப் பார்த்துத்தான் கிளம்புகிறார்கள். சிவப்பைக் கண்டால் பெரிய சாலைக் கடைக்குப் போய்விடுவார்கள்.

வீட்டில் பேச்சு நின்றது. நடுவில் மாட்டியவர் அவள் புருஷன், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி.

"என்னங்க, தண்ணி மோட்டார் போட்டிருக்கேன், தொட்டி நிறைஞ்சா சொல்லணும்னு உங்க தங்கச்சிகிட்ட சொல்லுங்க."

"அண்ணே, எனக்குக் காது நல்லாத்தான் கேக்குதுன்னு உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு."

வரைபடக் குழுவுக்கு இன்னொரு விதி உண்டு. தகராறு வந்தால் புள்ளி சாம்பல் நிறமாகும். இருவரும் அதைத் தொடக்கூடாது. விவாதப் பக்கத்தில் பேசித் தீர்க்க வேண்டும். அங்கே சொன்னவரைப் பற்றிப் பேசக்கூடாது, சொன்னதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

தையற்காரி ஒரு முழுப்பக்கம் எழுதினாள். 'குடிச்ச டம்ளரைக் கழுவத் தெரியாதவள் விதி பேசுகிறாள்' என்ற வரியை முதலில் அழித்தாள். விதிப்படி அழிக்க அழிக்க, கடைசியில் மிஞ்சியது ஒரு வரி: 'பலகை உண்டு. கேட்டால் போடுவேன்.' நம் நியாயம் இத்துனூண்டுதானா என்று அவளுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

மாடியிலிருந்து பதில் வந்தது: 'தங்கள் கருத்துக்கு நன்றி. கேட்டால் என்கிறீர்கள். வெளியே நிற்பவர் எப்படிக் கேட்பது?'

தையல் மெஷின் ஓட்டமும் ரேடியோ பாட்டும் தையற்காரியின் நினைவுக்கு வந்தன. யோசித்து எழுதினாள்: 'நாம் இருவரும் படியில் நடப்பவர்கள். நாற்காலியில் வருபவர் ஒருவரையே கேட்போமே.'

'நியாயம்தான்' என்றது மாடி. இருவரின் எழுத்தையும் படித்த கண்ணாடிக்காரருக்கு, இந்த 'தங்கள்' எந்த வீட்டுப் பழக்கம் என்று புரையேறிவிட்டது.

குழுவில் இருந்த ஆடிட்டரம்மா தன் சக்கர நாற்காலியில் வந்தார். அந்நேரம் பார்த்துத் தெருவில் எல்லோருக்கும் வாசலில் வேலை இருந்தது. சலவைக்காரர் தேய்த்த சட்டையையே தேய்த்தார்.

"டெய்லரம்மா," என்று கூப்பிட்டார் ஆடிட்டரம்மா. உள்ளே மெஷின் ஓடியது. மறுபடி கூப்பிட்டார். பொறுக்கமாட்டாமல் சலவைக்காரர் குரல் கொடுத்த பிறகுதான் தையற்காரி பலகையோடு ஓடிவந்தாள். நாற்காலி தடங்கலில்லாமல் ஏறியது. பார்த்தாயா என்று, மாடியிலிருந்து இறங்கி வந்து நின்ற நாத்தனாரைத் தையற்காரி ஒரு பார்வை பார்த்தாள்.

"பலகை நல்லாத்தான் இருக்கு," என்றார் ஆடிட்டரம்மா. "ஆனா தெருவே திரும்பிப் பாக்குது. நான் சட்டை தைக்க வந்தேனா, ஓட்டு கேக்க வந்தேனா?"

நாத்தனார் சிரிப்பை அடக்கினாள்.

"நீங்க சிரிக்காதீங்க. சிவப்பைப் பாத்திருந்தா இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டேன். ஏறக்கூடிய கடைக்கு என்னைப் போகவிடாம பண்றதுதான் உங்க விதியா?"

அண்ணியும் நாத்தனாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒரு மணி வச்சா?" என்றாள் அண்ணி.

"உக்காந்த கைக்கு எட்டுற மாதிரி," என்றாள் நாத்தனார்.

இருவரும் சேர்ந்து புது விதி எழுதிக் குழுவின் முன் வைத்தார்கள்: பலகையும் கைக்கெட்டும் மணியும் இருந்தால் மஞ்சள். ஒருவர் மட்டும் ஊதா கேட்டார். எந்தக் குழுவிலும் அப்படி ஒருவர் இருப்பார். மற்றவர்கள் ஒப்புக்கொள்ள, புள்ளி மஞ்சளானது.

மணியை வாங்கிவந்தவள் நாத்தனார். கண்ணாடிக்காரர் அதைத் தன் தோளுயரத்தில் பிடித்து ஆணியை எடுத்தபோது, "கீழ," என்று இரண்டு குரல் ஒன்றாக வந்தது. இடி இன்னும் இரண்டு பக்கமும்தான். தாளம் மட்டும் சேர்ந்துவிட்டது.

மறுநாள் காலையில் மணி அடித்தது. முதல் கிராக்கி என்று தையற்காரி பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். வாசலில் நாத்தனார், இரண்டு காலும் நன்றாக ஊன்றி நின்றாள்.

"மோட்டாரை நிறுத்தணும் அண்ணி. தொட்டி வழியுது."

"இதுக்கா மணி? வாயில்லையா உனக்கு?"

"கூப்பிட்டா உங்களுக்குக் கேக்காதுன்னு ஊருக்கே தெரியுமே."

தையற்காரி தூக்கிவந்த பலகையைப் பார்த்தாள். படியில் சாய்த்துப் போட்டாள்.

"தூக்கிட்டு வந்தாச்சு. ஏறி வா."