மத்தியானமா வா, அண்ணே

இப்போதெல்லாம் மனிதர்களுக்கு விடியற்காலை என்று ஒன்று இருப்பதே மறந்துவிட்டது. வெயில் முதுகில் சுடும்போது எழுந்திருக்கிறார்கள். எழுந்ததும் கையில் போன். தாமதமாக வந்தவன் நாலு தரம் தலையைக் குனிந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பு. ரயிலும் அப்படித்தான் ஆகிவிட்டது. தண்டவாளத்தில் மான் அடிபட்டுவிட்டதாம். இழுத்து ஓரமாகப் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே? ஒலிபெருக்கியில் மன்னிப்பு மேல் மன்னிப்பு கேட்டார்களே தவிர, வண்டி நகரவில்லை.

தொராகிச்சி குடைக்கம்பால் தரையை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலமெல்லாம் கடல்பாசிப் படகில் போனவர். அவருடைய கரையில் இருட்டோடு எழுந்தவனுக்குத்தான் ஆள் என்று பெயர். ஒருவரைப் பார்க்கப் போவதென்றாலும் நாளின் முதல் வேளையில் போய் வாசலில் நிற்க வேண்டும். மற்ற வேலையெல்லாம் முடித்துவிட்டு மீந்த நேரத்தில் போனால், அந்த ஆளை மதிக்கவில்லை என்று அர்த்தம்.

தம்பி மசுவோவைப் பார்க்கவும் மாதாமாதம் அப்படித்தான் போனார். முந்தின நாளே நகரத்துக்கு வந்து, ஒரு மட்டமான விடுதியில் படுத்து எழுந்து, சிறைச்சாலைக் கதவு திறக்கும்போது முதல் ஆளாக நிற்பார். அந்த விடுதியை இப்போது இடித்துவிட்டார்கள். அதனால்தான் இந்தத் தடவை பார்க்கிற அன்றைக்கே கிளம்பி, இந்த மானால் மாட்டிக்கொண்டார்.

மசுவோ தூக்குத் தண்டனைக் கைதி. திருடப் போன வீட்டில் மீன் வியாபாரியும் அவர் மனைவியும் விழித்துக்கொண்டார்கள். இரண்டு பேரையும் கத்தியால் குத்திக் கொன்றான். அதில் சந்தேகமே இல்லை, அவனே ஒப்புக்கொண்டான். தொராகிச்சியும் யாரிடமும் மழுப்பியதில்லை. அந்த இரண்டு பேரின் கல்லறையில் வருஷா வருஷம், யார் கண்ணிலும் படாமல் ஊதுபத்தி ஏற்றி வைத்துவிட்டு வருவார். தம்பிக்கு என்றைக்குத் தூக்கு என்று யாரும் அவருக்குச் சொல்லப் போவதில்லை. எல்லாம் முடிந்த பிறகு போன் வரும். சாம்பல் வேண்டுமா என்று கேட்பார்கள்.

அது பழகிவிட்டது. பழகாமல் இருந்தது தம்பியின் முகம்தான். ஒவ்வொரு தடவையும் வேகவைத்த கணவாய் மாதிரி வெளுத்துப்போய் வந்து உட்காருவான். கொடுத்த நேரத்தில் பாதி அவன் மூச்சு விடுவதிலேயே போய்விடும். போன மாதம் வாய் திறந்து ஒன்றே ஒன்று சொன்னான்.

"அண்ணே, இனிமே வராதே."

வீட்டில் மிச்சம் இருப்பது இரண்டே பேர். அதில் ஒருவன் வராதே என்கிறான். இன்றைக்கு வந்து கடைசியாக ஒரு தடவை கேட்டுவிடுவது, அப்போதும் அதையே சொன்னால் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று தொராகிச்சி முடிவு செய்திருந்தார்.

ஒருவழியாகச் சிறைக்கு வந்து சேர்ந்ததும், எதிர்க்கடையில் டின்னில் அடைத்த பீச் பழம் வாங்கி உள்ளே அனுப்பச் சொன்னார். அவர் காயவைத்த கடல்பாசியை விடமாட்டார்கள், அந்தக் கடைச் சரக்கு மட்டும்தான் உள்ளே போகும். தம்பியைப் பார்க்கச் சீட்டு எழுதிக் கொடுக்கும்போது மத்தியானம் ஆகிவிட்டிருந்தது. வெட்கமாக இருந்தது அவருக்கு.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கதவு திறந்தது. மசுவோ சிரித்துக்கொண்டே வந்தான். பின்னால் வந்த காவலர் ஓரமாக உட்கார்ந்து, பேசுவதைக் குறித்துக்கொள்ளப் பேனாவைத் திறந்தார்.

"என்னண்ணே, கடல் வத்திப்போச்சா? இந்நேரத்துக்கு வந்திருக்கே!"

"மான் செத்துப்போச்சு."

"எந்த மான்?"

"நான் என்ன பேரா கேட்டேன்?"

மசுவோ குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். வெளுத்த கன்னம் சிவந்தது. சின்ன வயதில் படகு விளிம்பில் உட்கார்ந்து, அலை தெறிக்கும்போது சிரித்த அதே வாய். தொராகிச்சிக்குக் கோபம் வந்தது.

"ஏண்டா, போன மாசம் வராதேன்னு மூஞ்சியத் தொங்கப்போட்டே. இப்ப இளிக்கிறே. இதுல எந்த மூஞ்சிய நான் நம்பறது?"

மசுவோ காவலரைத் திரும்பிப் பார்த்தான். அவர் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இங்க அதுக்குக் காலையிலதான் வருவாங்க. முன்கூட்டிச் சொல்றதே கிடையாது. காலைச் சோறு முடிஞ்சதும் பூட்ஸ் சத்தம் கேக்கும். எந்தக் கதவுகிட்ட நிக்குதோ அவனுக்கு அன்னிக்கு முடிஞ்சுது. சத்தம் தாண்டிப் போற வரைக்கும் ஒருத்தனும் மூச்சு விடமாட்டான்."

"அதுக்கு நான் என்ன பண்ணேன்?"

"நீதான் முதல் ஆளா வந்து நிப்பியே! உன்னைப் பாக்கக் கூட்டிட்டுப் போகவும் அதே பூட்ஸ்தான் வருது. அதே நேரத்துக்கு என் கதவுகிட்ட நிக்குது."

தொராகிச்சியின் கை தானாக எழுந்து கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது.

"ஒவ்வொரு தடவையுமா?"

"ஒவ்வொரு தடவையும். செத்துட்டு வந்துதான் உன் எதிர்ல உக்காருவேன். அப்புறம் எங்க பேச்சு வரும்?"

"வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு? முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன, கழுத!"

"எப்படிண்ணே சொல்வேன்? எனக்காக இருட்டுல எந்திரிச்சு வர்றே. வர்றவன்கிட்ட லேட்டா வான்னா சொல்றது? அதுவும் உன்கிட்ட! படகுக்குக் கொஞ்சம் பிந்தி வந்தா, துடுப்பாலயே போடுவே."

"போட்டும் நீ உருப்படலியே."

"அதென்னவோ நிஜம்." மசுவோ மூக்கைத் துடைத்துக்கொண்டான். "சனி ஞாயித்துல வரமாட்டாங்க. அன்னிக்குத்தான் சூப்பு ருசி தெரியும். அதுலயும் பாசி போடறானுங்க அண்ணே, ஈரக் காயிதம் மாதிரி. நம்ம பாசிய நெனச்சுக்கிட்டே முழுங்குவேன்."

"அந்தப் பேச்சு இங்கே வேண்டாம்," என்றார் காவலர். பூட்ஸைச் சொன்னாரா, சூப்பைச் சொன்னாரா தெரியவில்லை. அவர் தாளில் ஒரு எழுத்துகூட விழுந்திருக்கவில்லை.

தொராகிச்சி தொண்டையைச் செருமினார். "இனிமே மத்தியானமா வர்றேன். தின்னுட்டு, தூங்கி எந்திரிச்சு, சோம்பேறிப் பய மாதிரி வர்றேன். வரட்டுமா, வேண்டாமா?"

"மத்தியானமா வா, அண்ணே." மசுவோவும் தன் பக்கத்திலிருந்து கையை வைத்தான். கண்ணாடி குளிர்ச்சியாக இருந்தது. இரண்டு பேரும் எடுக்கவில்லை.

நேரமாகிவிட்டது என்று காவலர் எழுந்தார். யாரையும் பார்க்காமல் சொன்னார்: "மத்தியானம் கூட்டமும் இருக்காது, பெரியவரே."

வெளியே வாசலில், ஒவ்வொரு மாதமும் நிற்கும் மூக்குக்கண்ணாடி போட்ட பெண் அன்றைக்கும் கையெழுத்து வாங்கும் அட்டையோடு நின்றாள்.

"ஐயா, ஒரே ஒரு கையெழுத்து. தூக்குத் தண்டனையே வேண்டாம்னு கேக்கறோம்."

வழக்கமாகக் காது கேட்காதவர் மாதிரி போய்விடுவார். அன்றைக்கு நின்றார்.

"குத்துப்பட்டுச் செத்த அந்த மீன் வியாபாரியோட மக முகத்த நீ பாத்திருக்கியா? நான் பாத்தேன். அது வீட்டு வாசல்ல நெத்தி தரையில பட விழுந்து கெடந்தேன், அது ஒரு வார்த்தை பேசல. இதுல கையெழுத்துப் போட்டுட்டு, நான் அதுக்கு என்ன பதில் சொல்றது?"

"உங்க சொந்தக்காரர் உள்ளே இருக்காருல்ல, ஐயா?"

"இருக்கான். அதனாலதான் எனக்கு இது சுளுவா இல்ல." குடையால் அட்டையைத் தட்டினார். "இதுல பூட்ஸப் பத்தி எழுதியிருக்கா?"

"எந்த பூட்ஸ்?"

"காலங்காத்தால வந்து நிக்கிற பூட்ஸ். கொல்றதுன்னா ஒரு தடவை கொல்லட்டும். வருஷக்கணக்கா தெனம் காலையில கொல்லச் சொல்லி எந்த ஜட்ஜு எழுதுனாரு?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "தண்டனையே போயிட்டா அந்த பூட்ஸும் போயிடுமே, ஐயா."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. இத்தனை சுலபமாக நியாயமாகத் தெரிகிற எதையும் தொராகிச்சி இதுவரை நம்பியதில்லை. "பூட்ஸத் தனியா எழுதி எடுத்துட்டு வா, பாக்கலாம்," என்றார்.

"அடுத்த மாசம் எழுதி வைக்கிறேன். காலையில சீக்கிரமே வந்துடுவேன், ஐயா."

"எதுக்குச் சீக்கிரம்? பேசாமத் தூங்கு. நான் மத்தியானந்தான் வருவேன்."

சொல்லிவிட்டு நடந்தார். தெருமுனை திரும்பும் வரை அவள் சொன்னதையும், அந்த மகளின் முகத்தையும், பூட்ஸையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். ஒன்றும் ஒன்றோடு ஒட்டவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு, ரயில் நிலையத்தைப் பார்த்து நடந்துகொண்டே இருந்தார்.