மொய்து பாய்க்குப் பரிசு இல்லை

கொழிஞ்சாம்பாறைப் பெண்களில் பாதிப் பேருக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் வனிதா. மீதிப் பாதிப் பேர் அவளைப் பற்றிப் பேசுவதிலேயே பொழுது போய்விடுவதால் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து ஒரே வருடத்தில் சொந்த ஊரான முதலமடைக்குத் திரும்பி வந்தவள், பிறந்த வீட்டிலும் தங்காமல் இங்கே வந்து தனியாக அறை எடுத்துக்கொண்டவள், பிள்ளை குட்டி இல்லாதவள். இத்தனைக்கும் பிறகு அவள் சிரித்த முகமாகத் திரிந்ததைத்தான் ஊரால் பொறுக்க முடியவில்லை.

ஃபர்ஸானாவும் அவளிடம் படித்தவள்தான். கல்யாணமான புதிதில், செருப்புக்கடை வைத்திருக்கும் கணவன் அஷ்ரஃபைக் கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கி, அரிசி ஆலைக்குப் பின்னாலிருக்கும் மைதானத்தில் விழுந்து எழுந்து கற்றுக்கொண்டாள். வண்டி ஓட்ட வந்த பிறகும் வனிதாவை விடவில்லை. வயிற்றில் பிள்ளை வந்தபோதும் விடவில்லை. பிள்ளை பிறந்து ஒன்றரை வயதாகி, வீட்டையே தலைகீழாகக் கவிழ்த்துக்கொண்டிருக்கும் இப்போது விடுவதாகவே இல்லை.

பிள்ளைக்கு அஷ்ரஃபின் காலமான அத்தா பெயரை வைத்திருந்தார்கள். மொய்து. மாமனார் பெயரைச் சொல்லி மருமகள் கூப்பிடக் கூடாதென்பதால் ஃபர்ஸானாவுக்கு அவன் குட்டி. அஷ்ரஃபின் அக்கா ரம்லத்துக்கு, பெற்ற தகப்பன் பெயரைச் சொல்லி அதட்ட வாய் வராததால், தங்கம். அவனை முழு மரியாதையோடு "மொய்து பாய், மூக்கைத் தொடைங்க" என்று கூப்பிட்டவள் வனிதா ஒருத்திதான். அவனும் அவள் சொன்னால்தான் திரும்பிப் பார்த்தான்.

காலை வகுப்புக்கும் மாலை வகுப்புக்கும் நடுவே வனிதா ஃபர்ஸானாவின் அடுப்படிக்கு வந்துவிடுவாள். மொய்து தரையில் உட்கார்ந்து பாத்திரங்களை உருட்டுவான். இவர்கள் ஊரை உருட்டுவார்கள்.

"எதிரூட்டு டீச்சர் மகன் இங்கிலீஷ்ல கனாக் காணுறானாம், வனி."

"அது எப்படித் தெரியுமாம்?"

"தூக்கத்துல 'நோ நோ'ங்கறானாம்."

"பாவம் புள்ள. முழிச்சிருக்கறப்ப அம்மாகிட்டச் சொல்ல முடியாததத் தூக்கத்துல சொல்றான்."

ரம்லத் இரண்டு தெரு தள்ளி இருந்தாலும் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று தம்பி பெண்டாட்டிக்கு வாட்ஸ்அப்பில் குரல் அனுப்புவாள். பாதாம் ஊறப்போட்டாயா, நேந்திரங்காய்க் கூழ் கொடுத்தாயா, பிள்ளை ஏன் இன்னும் இளைப்பாக இருக்கிறான். ஃபர்ஸானா அதைப் போட்டுக் காட்டுவாள். வனிதா கரண்டியை மைக்காகப் பிடித்து அதே குரலில் பதில் அறிக்கை வாசிப்பாள். பிள்ளை பெற்றதிலிருந்து ஊரே தன்னை உட்காரவைத்துப் பாடம் நடத்துவதாகத் தோன்றிய ஃபர்ஸானாவுக்கு, மூச்சு விடக் கிடைத்த நேரம் அதுதான். வனிதா அவனைக் கொஞ்சியதில்லை. பால் குடித்தானா, பல் வந்ததா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. வந்தவுடன், "நீ சாப்பிட்டியா?" என்று ஃபர்ஸானாவைத்தான் கேட்பாள்.

ரம்லத்துக்கு இது பிடிக்கவில்லை. "பெத்தவளுக்குத்தான் புள்ளையோட அருமை தெரியும். அவளுக்கு என்ன தெரியும்? அவ கண்ணும் நல்ல கண்ணில்ல" என்று ஒரு நாள் நேரிலேயே சொன்னாள். ஃபர்ஸானா அதை வனிதாவிடம் மறைக்கவில்லை. இருவருக்குள் மறைப்பு கிடையாது.

"என்ற கண்ணுக்கு அவ்வளவு சக்தி இருந்தா மொதல்ல உங்க நாத்தனா வளையலயில்ல பாத்திருப்பேன்" என்று வனிதா சொன்னாள். ஃபர்ஸானா சிரித்தாள். 'பெத்தவளுக்குத்தான் தெரியும்' என்கிறவர்களைப் பற்றி அவளுக்கு ஒரே கருத்துதான்: வயிறு வீங்கியது ஒன்றைத் தவிர வாழ்க்கையில் வேறெதுவும் சாதிக்காதவர்கள்.

மாம்பழ சீசன் முடிந்து லாரிச் சத்தம் அடங்கியிருந்த சமயம், கடைக்காரர்கள் சேர்ந்து கல்யாண மண்டபத்தில் குடும்ப விழா வைத்தார்கள். அதில் ஆரோக்கியக் குழந்தைப் போட்டி. ரம்லத் கேட்காமலேயே மொய்துவின் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

"சும்மா போயிச் சிரிச்சிட்டு வரலாம், வா" என்று ஃபர்ஸானா வனிதாவை அழைத்தாள். வனிதாவும் சிரிக்கத்தான் வந்தாள். ஆனால் போட்டியன்று காலையில் வந்து பார்த்தால், மொய்து தங்க ஜரிகை வைத்த ஷெர்வானியில் மூச்சு முட்ட நின்றுகொண்டிருந்தான்.

"ஏம்புள்ள, இன்னைக்கே நிக்காஹ் பண்ணப் போறியா?"

"எல்லாரும் நல்லாப் போட்டுட்டு வருவாங்க, வனி. நம்ம குட்டி மட்டும் பனியனோட நிக்கோணுமா?"

வனிதா அவளை ஒரு பார்வை பார்த்தாள்.

மண்டபத்தில் பிள்ளைகள் அழுத அழுகையும் தாய்மார் சிரித்த சிரிப்பும் சரிக்குச் சரியாக இருந்தன. நடுவர்கள் இரண்டு பேர். ஒருவர் டாக்டர்; கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் நகைக்கடைக்காரரின் மனைவி. பிள்ளைகளின் கழுத்தைத்தான் அதிகம் பார்த்தார். எடை போட்டார்கள். பல்லை எண்ணினார்கள். ஒரு பொம்மை மாட்டைக் காட்டி இதென்ன என்று கேட்டார்கள். மொய்து மாட்டை வாங்கி, ஏதோ முனகி, அதன் வாலைக் கடித்து, பிறகு நகைக்கடை அம்மாவின் மடியில் வீசினான். ஷெர்வானி அரித்திருக்க வேண்டும், கழற்றச் சொல்லி மேடையிலேயே உருண்டான்.

முதல் பரிசு ஒரு பெண் குழந்தைக்குப் போனது. பூசணிப்பழம்போல் உட்கார்ந்து, ஆரம்பம் முதல் கடைசி வரை பாதித் தூக்கத்தில் இருந்த குழந்தை. மற்ற எல்லாருக்கும் ஆளுக்கொரு பிளாஸ்டிக் டப்பா.

வனிதா எழுந்து டீ வாங்கப் போகலாமென்று திரும்பினால், பக்கத்தில் ஃபர்ஸானாவைக் காணோம். மேடையில் நின்றுகொண்டிருந்தாள்.

"தூங்கற புள்ளைக்கு எப்படிங்க மொதல் பரிசு குடுத்தீங்க? இவன் மாட்டைப் பாத்ததும் 'மா'ன்னு சொன்னானே, அதுக்கு மார்க்கு இல்லீங்களா?"

மைக் பிடித்தவர், கோபம் வேண்டாமென்று மலையாளமும் தமிழும் கலந்து சமாதானம் சொன்னார். "தேஷ்யப்படாதீங்க சேச்சி. எல்லாக் குஞ்ஞுங்களும் ஜெயிச்சவங்கதான்."

"அப்பறம் எதுக்கு ஒருத்திக்கு மட்டும் கப்பு?"

நாற்காலிகளுக்கு நடுவிலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. வனிதாவின் சிரிப்பு. அடக்கப் பார்த்து, முடியாமல், புரையேறிச் சிரித்தாள். மண்டபமே திரும்பிப் பார்த்தது. கூடவே இன்னும் சிலர் சிரித்தார்கள். முன் வரிசையில் ரம்லத் முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

வெளியே, பொள்ளாச்சி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு நின்ற இடத்தில், ஃபர்ஸானாவின் ஸ்கூட்டரைக் கிளப்பப் போன வனிதா இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். "நீயும் ரம்லத்தக்கா கட்சியில சேந்துட்டியே, ஃபர்ஸு. நாளையிலிருந்து நீயும் பாதாம் ஊறப்போட்டுக் குரல் அனுப்பு."

பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த ஃபர்ஸானாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"ஒண்ணப் பெத்திருந்தா உனக்குத் தெரியும்."

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. வனிதாவின் சிரிப்பு நின்றது. வண்டியை விட்டு இறங்கி, சாவியை ஃபர்ஸானாவின் கையில் வைத்தாள். "பாத்து ஓட்டிட்டுப் போ" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள்.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாட்களிலும் வரவில்லை. ஃபர்ஸானா கூப்பிட்டபோதெல்லாம் அவள் ஃபோன் அடித்துக்கொண்டே இருந்து அடங்கியது. அஷ்ரஃப் விஷயம் கேட்டு, "கரண்டு போற மாதிரிதான், தானா வந்துரும்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனான். அவனுக்குத் தெரிந்த அத்தனை சிக்கல்களும் செருப்பு அளவோடு முடிந்துவிடுபவை.

ரம்லத்துக்குத்தான் கொண்டாட்டம். பலகாரத்தோடு வந்தாள். மேடையில் நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை; ஃபர்ஸானா தன் பக்கம் வந்துவிட்டாள் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது.

"அவ வராததும் நல்லதாப் போச்சு. நீ கேட்டது நியாயந்தானே, ஃபர்ஸானா? பெத்தவளுக்குத்தான் தெரியும்."

இத்தனை நாள் கரண்டியை மைக்காக்கிக் கேலி செய்த குரல் அது. அந்தக் குரலில் தான் சொன்னதே வேறு வார்த்தையில் வந்து விழுந்தபோது ஃபர்ஸானாவுக்குக் கோபம் வந்தது. ரம்லத் மேல்கூட அல்ல, தன்மேல். ரம்லத்தாவது அறியாமல் சொன்னாள். தானோ, எங்கே குத்தினால் வலிக்கும் என்று தெரிந்து குத்தியவள்.

"பெத்ததுல எனக்கு என்னக்கா தெரிஞ்சுது? ஒரு கப்புக்காக மேடையேறிச் சண்டை போடத் தெரிஞ்சுது. இனிமே வனிதாவைப் பத்தி இந்த ஊட்டுல ஒரு வார்த்தை பேசாதீங்க."

ரம்லத் பலகாரத்தை வைத்துவிட்டு, டப்பாவை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள்.

அன்று மாலை மொய்துவை வண்டியில் முன்னால் நிறுத்திக்கொண்டு ஃபர்ஸானா மைதானத்துக்குப் போனாள். வனிதா ஒரு பெண்ணின் வண்டிக்குப் பின்னால் கத்திக்கொண்டே ஓடிக்கொண்டிருந்தாள். பார்த்தும் பார்க்காததுபோல் இன்னும் இரண்டு சுற்று ஓடினாள். ஃபர்ஸானா வெயிலில் நின்றாள். நிற்கட்டும் என்றுதான் வனிதா ஓடினாள், அது இருவருக்கும் தெரியும்.

கடைசியில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"தப்புப் பண்ணிட்டேன், வனி."

"அது தெரியும். வேற?"

ஃபர்ஸானாவிடம் வேறு என்று அழுகைதான் இருந்தது.

"அழுகாத, பாக்க சகிக்கல" என்றாள் வனிதா. "அந்த வார்த்தை எனக்குப் புதுசா? என்ற மாமியா சொன்னா, என்னைப் பெத்தவளே சொன்னா, ஊர்ல நாய் நரியெல்லாம் சொல்லிப்போட்டுது. எல்லாத்தையும் முட்டாளுகன்னு உதறிட்டுப் போனேன். உன்னைய அப்படி உதற முடியல. அதுதான் ஆத்திரம்."

"என்னையும் முட்டாளுன்னே வெச்சுக்க."

"அதுல சந்தேகமே இல்ல. ஷெர்வானி வாங்கினப்பவே தெரிஞ்சுது."

இருவரும் சிரிக்கவில்லை. வனிதா திரும்பி வகுப்புக்குப் போனாள். ஃபர்ஸானா மொய்துவை மண்ணில் விட்டுவிட்டு வகுப்பு முடியும்வரை இருந்தாள். முடிந்ததும் மூன்று பேரும் ஆலை முக்கில் இருந்த டீக்கடைக்குப் போனார்கள்.

அடுத்த வாரம்தான் வனிதா அந்த அடுப்படிக்கு மறுபடி வந்தாள். வந்தவள் உட்காரவே கொஞ்சம் யோசித்ததை ஃபர்ஸானா கவனித்தாள். அது முன்பு இல்லாத யோசனை, தான் கொடுத்தது. தட்டு வைத்துச் சோறு போட்டாள். வனிதா ஒரு வாய் எடுத்து வைத்து, நிதானமாக மென்று, நிமிர்ந்தாள்.

"இது மீன் குழம்பா, இல்ல மீன் குளிச்ச தண்ணியா?"

ஃபர்ஸானாவுக்கு அன்றைக்குத்தான் சோறு இறங்கியது.