கண்ணாடி பார்த்துக் கட்டிய கம்பி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்குக் கப்பல்காரர் கேட்டதற்கு மட்டும் எப்படியோ வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன்.

முப்பது வருஷம் கப்பலில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் நாங்கள் வைத்த பெயர் அது. படகின் பின்னால் மாட்டி ஓட்டுகிற மோட்டார் ஒன்றை எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்தார். அதற்கு எழுபது வயது. என் வீட்டுக்காரர் ஆறு மாதம் மல்லுக்கட்டி அதைப் பிரித்துக் கோத்து உயிர் கொடுத்தார். கம்பி கட்டியது நான்.

ஓடுகிற மோட்டார் அதிரும், அதிர்ந்தால் போல்ட் தளரும். அதனால் போல்ட்டின் தலையில் சின்னத் துளை போட்டு, எஃகுக் கம்பியை நுழைத்து, முறுக்கி, பக்கத்து போல்ட்டோடு கட்டிவிடுவோம். ஒன்று தளரப் பார்த்தால் மற்றது இழுத்துப் பிடிக்கும். ஆனால் கம்பி எப்போதும் இறுகுகிற பக்கமாகத்தான் இழுக்க வேண்டும். தளருகிற பக்கமாக இழுத்தால் கட்டியும் பிரயோஜனம் இல்லை.

"கம்பி யார் கட்டினது?" என்று கப்பல்காரர் இவரிடம் கேட்டார்.

"என் சம்சாரம் சார்."

"அப்ப நீங்க ஒரு தடவை பாத்துடுங்க."

நான் இரண்டடி தள்ளித்தான் நின்றேன், கையில் குறடோடு. இவர் சிரித்தார். "அவ வேலைய நான் பாக்கறதா? என் வேலையத்தான் சார் அவ பாப்பா."

கப்பல்காரர் தலையை மட்டும் ஆட்டினார். பதினோரு வருஷத்தில் நான் கட்டிய கம்பியோடு ஒரு போல்ட்கூடக் கழன்றதில்லை. இந்த மனுஷர் வாயாலேயே நல்ல வேலை என்று சொல்லவைக்க வேண்டும் என்று அன்றைக்கே மனதில் கறுவிக்கொண்டேன்.

பழைய மோட்டார்களை ஏரியில் ஓட்டிக் காட்டும் நாள் வந்தது. காலையில் தலை வாரிக்கொண்டே, கண்ணாடியில் தெரிந்த சுவர்க் கடிகாரத்தில் மணி பார்த்தேன். நொடிமுள் எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் உறைத்தது. மோட்டாரின் பின்பக்கம் இரண்டு போல்ட் நேரே கண்ணுக்குத் தெரியாது. உள்ளங்கை அளவு கண்ணாடியைப் பின்னால் பிடித்து, அதில் பார்த்துத்தான் கம்பி கட்டியிருந்தேன். கண்ணாடியில் இறுகுகிற பக்கமாகத் தெரிந்தது, நிஜத்தில் தளருகிற பக்கம்.

ஏரிக்கரைக்கு ஓடினேன். மோட்டார் ஏற்கெனவே படகில் ஏறியிருந்தது. விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன். லட்சணமாக, பளபளவென்று, தப்பாகக் கட்டியிருந்தேன்.

இவர் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். "பெட்ரோல் குழாய்ல சின்ன வேலைன்னு சொல்லிடறேன். நீ சத்தமில்லாம மாத்திடு" என்று காதருகில் சொன்னார். என் மானத்தைக் காப்பாற்றத்தான் சொன்னார், பாவம். ஆனால் பூசி மெழுகுவது எனக்கு வராது.

"நீங்க சும்மா இருங்க" என்று நேரே கப்பல்காரரிடம் போனேன். அவர் தன் மனைவியிடம், "மொத சுத்து நான் மட்டும் போய்ப் பாக்கறேன். நீ கரையிலயே இரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"சார், பின்னால ரெண்டு போல்ட்டுக்கும் நான் கம்பிய தப்புப் பக்கமா கட்டிட்டேன். அறுத்துட்டு மறுபடி கட்டணும். அரை மணி நேரம் ஆகும்."

பக்கத்துப் படகுக்காரர் கேட்டுவிட்டார். "கம்பி கட்டறத ஜடை பின்றதுன்னு நெனச்சுட்டாங்க போல" என்றார். நாலு பேர் சிரித்தார்கள்.

"ஜடைதாங்க. உங்க மோட்டார் ஒரு கம்பிகூட இல்லாம மொட்டைத் தலையா இருக்கே, அதக் கவனிங்க" என்றேன்.

பழைய கம்பியை அறுத்து எறிந்தேன். இந்தத் தடவை கண்ணாடியே வேண்டாம் என்று கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு விரலால் துளையைத் தேடி, கம்பியை நுழைத்து, முறுக்கு முறுக்காக எண்ணிக் கட்டினேன். நுனி யார் கையையும் கிழிக்காமல் உள்ளே மடக்கிவிட்டேன். கப்பல்காரர் பக்கத்திலேயே நின்றார். அதற்குள் மூன்று படகுகள் கிளம்பிப் போய்விட்டன.

"முடிஞ்சுது சார்."

இவர் கண்ணாடியை எடுத்து நீட்டினார். "நீங்களே ஒரு தடவை பாத்துடுங்க சார்."

கப்பல்காரர் அதை வாங்கவில்லை. மனைவி பக்கம் திரும்பி, "வா, ஏறு" என்றார்.

"மொத சுத்துக்கு வேண்டாம்னீங்களே?"

"கட்டினவங்களே வந்து தப்புன்னு சொல்றாங்க. இதுக்கு மேல என்னத்தப் பாக்கறது? ஏறு."

அந்த அம்மா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினார். கயிற்றை இழுத்த இரண்டாவது இழுப்பில் மோட்டார் உறுமியது.

நல்ல வேலை என்று அவர் கடைசிவரை சொல்லவே இல்லை. மனைவியை எதிரே உட்காரவைத்துக்கொண்டு, கரையை ஒட்டிப் போகாமல் ஏரியின் ஆழமான பக்கமாகவே ஓட்டிப் போனார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.